பார்த்து வா, தம்பி

மழைக் காலத்தில் நம்மவர்களின் கடைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல்லைப் பற்றி இம்முறை யோசிக்கலாம் என்று எண்ணுகிறோம். சரக்கு ஏற்றிச் சென்ற வேன் பாதி வழியில் நிற்கிறது. டிரைவர் கடைக்கு டெலிபோன் செய்கிறார். "முதலாளி, ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. சில வண்டிகள் போகின்றன, சில திரும்புகின்றன. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார். கல்லாவில் இருக்கும் முதலாளி ஒரு கணம் யோசித்துவிட்டு, "பார்த்து வா, தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறார்.

இச்சொல்லில் அன்பு இல்லை என்று நாம் கூறவில்லை. சொன்னவர் நல்லவரே, தம்பி என்று அழைத்ததும் பொய்யன்று. ஆனால் அதைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 'வா' என்பது உத்தரவு. 'பார்த்து' என்பது அந்த உத்தரவின்மேல் போர்த்திய போர்வை. வண்டி வந்து சேர்ந்துவிட்டால் முதலாளியின் சொல் நிறைவேறிற்று. வராமற்போனாலோ, டிரைவர் சரியாகப் பார்க்கவில்லை என்றாகிவிடும். லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் உனக்கு என்று யாராவது ஒரு கூட்டு வியாபாரப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்தால் நம்மில் ஒருவராவது அதில் கையெழுத்து வைப்போமா?

வெள்ளம் ஏறிய ரோட்டில் வண்டியை விடலாமா, கூடாதா என்பது வண்டி ஓட்டப் பழக்கும் பள்ளியில் சொல்லித் தரும் விஷயம்தானே, அதற்குச் சங்க இதழில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஓட்டுகிறவர் தமக்காக ஓட்டும்வரையில் அது அந்தப் பள்ளியின் விஷயமே. ஒருவர் உலர்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு மற்றொருவரைத் தண்ணீருக்குள் வரச் சொல்லும்போது அது நம் எல்லோருடைய மனச்சாட்சியின் விஷயமாகிவிடுகிறது.

ஜொகூருக்கு வெள்ளம் புதிதன்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை ஆறுகள் பொங்குவதை நம் பெரியவர்கள் பார்த்தே வளர்ந்தார்கள். ஆயினும் 2006 டிசம்பரில் வந்தது வேறு வகை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. கோத்தா திங்கி, சிகாமட், மூவார், பத்து பகாட் எனப் பல ஊர்கள் நீரில் நின்றன. வடிந்த வீடுகளையும் கடைகளையும் கழுவி முடிக்குமுன், 2007 ஜனவரி இரண்டாம் வாரத்தில் மறுபடியும் வெள்ளம் வந்தது. இரண்டிலுமாக 18 உயிர்கள் போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். சேதம் சுமார் 150 கோடி வெள்ளி என்று கணக்கிட்டார்கள். 2011 ஜனவரி இறுதியில், சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாட்களில், சிகாமட் மூழ்கியது. 2023 மார்ச்சில் சிகாமட், யோங் பெங், சாஆ, பத்து பகாட் வட்டாரங்களில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. சிகாமட் பக்கம் ஒரு மனிதர் காருக்குள் சிக்கி, காரோடு அடித்துச் செல்லப்பட்டு மாண்டதும் அப்போதுதான். 2025 மார்ச் 19, 20 தேதிகளில் ஜொகூர் பாருவிலேயே நீர் ஏறியது. அது ரமலான் மாதத்தின் நடுப்பகுதி.

ஹஜ்ஜுப் பெருநாள், சீனப் புத்தாண்டு, ரமலான்! தண்ணீருக்கு நாள் பார்க்கத் தெரியாது. ஆனால் மழைக் காலத்தோடு வந்து சேரும் பண்டிகை நாட்கள்தாம் நமக்குச் சரக்கு புரளும் நாட்கள். 'இன்று இரவு சரக்கு வந்தால்தான் நாளைக்கு வியாபாரம்' என்ற பதற்றம் மிகுதியாக உள்ள வேளையில்தான் ரோட்டில் தண்ணீரும் நிற்கிறது. ஆகவே மழை இல்லாத நாளில் நிதானமாகச் செய்யவேண்டிய யோசனை இது. தண்ணீரின் கரையில் நின்றுகொண்டு யோசித்தால் பணம்தான் முதலில் பேசும்.

தண்ணீரை நாம் எடை போடுவதில்லை. அதுதான் முதல் பிழை. அரிசி மூட்டையையும் சீனி மூட்டையையும் கண்ணாலேயே நிறுத்துவிடும் வியாபாரிகளுக்கு இக்கணக்கு கடினமன்று. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள தண்ணீரின் எடை ஒரு டன். மைவி போன்ற சிறு காரின் எடையும் ஏறத்தாழ ஒரு டன்தான். அதன் அடித்தளத்தின் பரப்பு சுமார் 6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் அந்தத் தளத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் ஏறினால் வண்டியின் எடையில் 600 கிலோவைத் தண்ணீரே தூக்கிக்கொள்கிறது. 20 சென்டிமீட்டருக்குள் முழு எடையும் போய்விடும். பிறகு டயர் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும், பிடித்துக்கொண்டிராது. அமெரிக்க வானிலை இலாகா பல ஆண்டுகளாக மக்களுக்குச் சொல்லிவரும் கணக்கும் இதை ஒட்டியதுதான். ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறு கார்களைக் கொண்டுபோய்விடும். 60 சென்டிமீட்டர் இருந்தால் உயரமான ஜீப்பையும் பிக்கப் வண்டியையும்கூட இழுத்துச் செல்லும். ஓட்டம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் வேன், சுமையோடு போன வேனைக் காட்டிலும் எளிதில் மிதக்கும் என்பதையும் கவனிக்கவேண்டும். 'வெறும் வண்டிதானே, போய்விடும்' என்பது தலைகீழான கணக்கு.

கதவைத் திறந்து இறங்கிவிடலாம் என்பார்கள். கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றால், சுமார் 125 கிலோ பாரம் அந்தக் கதவை உள்நோக்கி அழுத்துகிறது. கண்ணாடியை இறக்கும் மின்சாரம் நனைந்தால் எந்நேரமும் நின்றுபோகும். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் செய்யவேண்டிய முதல் காரியம், மின்சாரம் இருக்கும்போதே பக்கக் கண்ணாடியை இறக்கி அதன் வழியாக வெளியேறுவதுதான். இஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. காற்று போகும் குழாயில் தண்ணீர் ஏறியிருந்தால், அந்த ஒரு முயற்சியிலேயே உள்ளிருக்கும் இரும்புத் தண்டுகள் வளைந்துவிடும். தேத்தண்ணீர் நிறத்தில் கிடக்கும் நீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்பதையோ யாரும் சொல்ல முடியாது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் நம் பாதைகளில் பல இடங்களில் இருபுறமும் ஆழமான வாய்க்கால் உண்டு. பட்டணத்திலோ மூடி கழன்ற லோங்காங் வாயைத் திறந்துகொண்டிருக்கும். வெள்ளம் மூடிவிட்டால் ரோடு எது, வாய்க்கால் எது? இரவில் சொல்லவும் வேண்டுமோ?

நிற்க. இவ்வளவும் தெரிந்த அனுபவசாலிகளே தண்ணீரில் இறங்குகிறார்கள். ஏன்? "இதே இடத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தச் சாட்சியை எடைபோடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. போய்ச் சேர்ந்தவர்கள்தாம் நம் கடைக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கதை சொல்கிறார்கள். போய்ச் சேராதவர்கள் வந்து எதிர்ச்சாட்சி சொல்வதில்லை. ஒரு தரப்பின் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதும் காஜியை நாம் ஒப்புக்கொள்வோமா? பத்து முறை தப்பியவருக்குப் பத்து முறையும் தண்ணீர் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. தைரியத்தைக் கடனாகக் கொடுத்தது என்றே நாம் கருதுகிறோம்.

'முன்னே ஒரு வண்டி போகிறதே' என்பது மற்றொரு சாட்சி. முன்னே போகிறவருக்கும் நம்மைவிட ஒன்றும் அதிகமாகத் தெரியாது. நம்மில் பலருக்குப் பூர்வீக ஊர் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில், துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் 2021 செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள். மழைநீர் தேங்கிய அந்தப் பாதையில் காரோடு சிக்கிக்கொண்ட ஒரு பெண் டாக்டர் மூழ்கி இறந்தார். உடன் சென்ற மாமியாரை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. படித்தவர், பழகிய பிரதேசம், பெருநதி ஏதுமில்லை. ஒரு ரயில் பாதையின் கீழே தேங்கிய மழைத்தண்ணீர், அவ்வளவுதான். தென் கொரியாவில் 2023 ஜூலை 15-ந் தேதி, ஒசோங் என்னுமிடத்தில் ஆற்றங்கரை உடைந்து சுரங்கச் சாலைக்குள் சில நிமிடங்களில் நீர் புகுந்தது; 14 பேர் மாண்டார்கள். அவர்களில் சிலர் வந்த பஸ், வழக்கமான பாதையில் வெள்ளம் என்பதால் மாற்று வழியாக அந்தச் சுரங்கத்துக்கு வந்த பஸ். 'வேறு வழியாக வந்து சேர்' என்று சொல்லுமுன் அந்த வேறு வழியையும் விசாரிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் வேண்டியதில்லை.

இனி, நம்மவர்களிடையே மட்டும் கேட்கும் ஒரு பதிலுக்கு வருவோம். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம். மவ்த்து எழுதியிருந்தால் வீட்டில் இருந்தாலும் வரும்" என்கிறார்கள். தக்தீரை நம்புவது ஈமானின் பகுதி. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இதே நண்பர் கடையைப் பூட்டாமல் இரவில் வீட்டுக்குப் போகிறாரா? கடன் கொடுத்தால் எழுதி வாங்காமல் விடுகிறாரா? பூட்டும் சீட்டும் தக்தீருக்கு விரோதமில்லை என்றால், வண்டியைத் திருப்புவது மட்டும் எப்படி விரோதமாகும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை மேடைதோறும் கேட்கிறோம். அந்த ஒட்டகம் இன்று நான்கு சக்கரங்களில் ஓடுகிறது என்பது மட்டும் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

ஹிஜ்ரி 18-ம் ஆண்டு, அதாவது கி.பி. 639 வாக்கில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் பிரயாணம் புறப்பட்டு சர்ஃக் என்னும் இடம் வரை வந்துவிட்டார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி அங்கே கிடைத்தது. முஹாஜிர்களை அழைத்து யோசனை கேட்டார்கள். அன்ஸார்களைக் கேட்டார்கள். குறைஷிப் பெரியவர்களையும் கேட்டார்கள். கருத்துக்கள் மாறுபட்டன. புறப்பட்ட காரியத்தை விடக்கூடாது என்றவர்களும் உண்டு. முடிவில், காலையில் திரும்புவது என்று அறிவித்தார்கள். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் மறுமொழி கூறினார்கள். புல் செழித்த கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமையாகவும் காட்டினார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள இச்சம்பவத்தைத் தக்தீர் பற்றிப் பேசும்போது எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். நாம் கவனிக்க விரும்புவது அதில் உள்ள மற்றொரு விஷயத்தை. திரும்பும்படி யோசனை சொன்னவர்கள் கலீஃபாவின் சொந்த உயிரைச் சுட்டிப் பேசவில்லை. உங்களுடன் இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்களை நோய்க்குள் அழைத்துப் போகாதீர்கள் என்பதே அவர்களுடைய வாதம். தாம் தனியாக இருந்திருந்தால் உமர் அவர்கள் எப்படி முடிவு செய்திருப்பார்களோ, அது வேறு. பின்னால் வருகிறவர்கள் இருந்தார்கள், ஆகவே திரும்பினார்கள்.

நம் பின்னால் வருகிறவர் யார்? வேனில் டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உதவியாளைப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்தோ தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தோ வந்த பையனாக இருக்கலாம். ஊரில் அத்தாவும் உம்மாவும் அவன் அனுப்பும் பணத்தை நம்பி இருப்பார்கள். அவனுடைய பர்மிட் முதலாளியின் பெயரில் ஓடுகிறது. "தண்ணீர் அதிகமாயிருக்கிறது, எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? டிரைவருக்காவது டெலிபோனில் ஒரு கேள்வி கேட்க இடமுண்டு. இவனுக்கு அதுவும் இல்லை. அவன் மறுக்கவில்லை என்பதை அவனுடைய சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையான கணக்காகாது. மறுக்க முடிந்தவன் மறுக்காதிருந்தால்தான் அது சம்மதம்.

சட்டம் இவ்விஷயத்தில் நம்மில் சிலருக்கு முன்னே போய்விட்டது. 1994-ம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் 2024 ஜூன் 1-ந் தேதி முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் ஊழியர் அதை முதலாளியிடம் தெரிவித்தும், முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. நம் கடைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்த முதலாளிகளில் எத்தனை பேர் வேலையாட்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்?

வண்டியில் இல்லாத இன்னும் சிலரும் இதில் கட்டுப்பட்டிருக்கிறார்கள். வண்டி மூழ்கினால் காப்பாற்ற வருகிறவர் போம்பாப் படையினர். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. 2018 அக்டோபர் 3-ந் தேதி பூச்சோங்கில், நீரில் விழுந்த ஓர் இளைஞனைத் தேடி இறங்கிய நீர்மீட்புக் குழுவினர் ஆறு பேர் நீரோட்டத்தில் சிக்கி இறந்ததை நாடே பார்த்துக் கலங்கியது. பயிற்சி பெற்றவர்களையே தண்ணீர் விட்டுவைக்கவில்லை. இருபது பெட்டி பிஸ்கட் ஒரு நாள் தாமதமாகக் கூடாது என்பதற்காக அப்படிப்பட்டவர்களை இரவில் நீருக்குள் இறக்க நமக்கு உரிமை இருக்கிறதா? சிறிய விஷயமாக மற்றொன்றும் சொல்லவேண்டும். லோரி வேகமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது எழும் அலை, இருபுறமும் உள்ள கடைகளின் படியைத் தாண்டி உள்ளே அடிக்கிறது. உள்ளே ஒருவர் மூட்டைகளை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அவரும் வியாபாரிதான்.

சரி, நஷ்டத்துக்கு என்ன வழி? இக்கேள்வியை நாம் லேசாக எண்ணவில்லை. மீனும் காய்கறியும் நாளைக்குக் காத்திரா. வாங்கினவரிடம் நாள் சொல்லியிருக்கிறோம். வாக்குத் தவறுவது முஸ்லிம் வியாபாரிக்கு அழகன்று. ஆனால் வாக்கு என்பது நம்மால் இயன்றதற்குக் கொடுப்பது. வெள்ளம் வந்த அன்று சரக்கு வரவில்லையென்று கோபிக்கும் வாடிக்கைக்காரர் சிலர் இருப்பார்கள். அவர்களும் கடைவாசலில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் கோபிக்கிறார்கள். இன்னொரு பக்கத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சாதாரண முழுக்காப்பு இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. அதற்கெனத் தனியாகக் கூடுதல் பணம் கட்டியிருந்தால்தான் உண்டு. ஒரு நாள் வியாபாரத்தைக் காப்பாற்றப்போய் வண்டியையே இழந்தவர், தம் பத்திரத்தை அப்போதுதான் எடுத்துப் படிக்கிறார்.

நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் பாய்மரக் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் வந்தவர்கள். காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். சரக்கு கிடங்கில் கிடந்தது, பணம் முடங்கியது, வீட்டார் எதிர்பார்த்திருந்தார்கள். ஆயினும் பருவம் தவறிப் பாய் விரிப்பதை அவர்கள் வீரம் என்று எண்ணவில்லை. தொழில் தெரியாதவன் செய்கை என்றே எண்ணினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஓர் இரவு காத்திருக்க முடியவில்லை. வண்டி உயரமானது, டயர் பெரியது என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது, மலையில் ஏறித் தப்பிவிடுவேன் என்ற நூஹ் நபியின் மகனுடைய நினைவுதான் நமக்கு வருகிறது.

ஜனாஸாவுக்குப் போகவேண்டும், ஆஸ்பத்திரியில் உறவினர் கிடக்கிறார், இவற்றுக்கு என்ன சொல்வது என்று கேட்பார்கள். இவை சரக்கைப் போன்றவை அல்ல, மனம் கேட்காது. ஆனால் ஜனாஸாத் தொழுகை ஊராரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கும் கடமை. மையித்துக்கு நம் துஆ தண்ணீரைக் கடந்து போய்ச் சேரும். பிரசவ வேதனையில் உள்ளவரையோ மூச்சுத் திணறுகிறவரையோ கொண்டுபோகவேண்டுமானால், அதற்குப் போம்பாவையும் பொதுத் தற்காப்புப் படையையும் 999-ல் கூப்பிடுவதுதான் வழி. அவர்களிடம் படகும் உயரமான லோரியும் உண்டு. உயிருக்காக உயிரைப் பணயம் வைப்பது வேறு. அதைப் பிஸ்கட் பெட்டியோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

முதலாளிமாருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். மழைக் காலம் தொடங்குமுன் ஒரு நாள் டிரைவரையும் உதவியாளையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். ரோடு தண்ணீரில் மறைந்திருந்தால் திரும்பவேண்டும். அதற்கு டெலிபோனில் அனுமதி கேட்கவேண்டியதில்லை என்று இருவரிடமும் சொல்லிவிடுங்கள். அன்றைய கூலி குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் முன்னது செல்லாது. வண்டி புறப்படுமுன் வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் பப்ளிக் இன்ஃபோபஞ்சிர் பக்கத்தில் ஆற்றின் மட்டத்தைப் பார்ப்பதை யாராவது ஒருவர் பொறுப்பில் விடலாம். கடைப் பையன்கள் போனில் பார்க்காதது வேறு என்ன இருக்கிறது! இரவில் தங்க நேர்ந்தால் யோங் பெங்கிலோ குளுவாங்கிலோ எந்தக் கடைக்காரரிடம் படுக்க இடம் கேட்கலாம் என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம். நம் சங்க உறுப்பினர்கள் வழிநெடுக இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் ஒரு பாயும் தலையணையும் கொடுப்பது பெரிய காரியமன்று.

இவ்வளவுக்குப் பிறகும் டெலிபோன் அடிக்கும். "முதலாளி, என்ன செய்யட்டும்?" என்று தம்பி கேட்பார். கேட்பதற்குக் காரணம், திரும்பினால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்பதுதான். "திரும்பிப் போ, தம்பி. சரக்கு நாளைக்கு வரட்டும். மேடான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லுங்கள்.